மேடம் எழுதியது

துப்புரவுக் குழுவை அமைத்து விதிகளை எழுதிக் கொடுப்பதோடு தலைவியின் வேலை முடிந்துவிடும். அதன்பிறகு வேலையிடத்துக் கேமரா காட்டுவதை அவள் திரையில் பார்க்கலாம். பேச மட்டும் வழியில்லை. தலையிடாமல் இருந்தால்தான் குழு வளருமாம்.

தலைவி திலகவதி பார்த்துக்கொண்டிருந்தாள். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய மாசிலாமணி விஷவாயுவில் மயங்கி விழுந்துவிட்டான். மேலே நின்ற வேம்பு ஏணியில் கால் வைத்தாள்.

“இறங்காதே வேம்பு!” திலகவதி திரையை அறைந்தாள்.

அங்கே உடன் நின்ற கபாலி வேம்புவின் கையைப் பிடித்தான். “முகமூடி வரட்டும், பொறும்மா.”

“விடுண்ணே. கூட வந்தவங்களத் தனியா விடக்கூடாதுன்னு மேடம் எழுதியிருக்காங்க. தெரியாமலா எழுதுவாங்க?”

படிக்க அழகாக இருக்குமென்றுதான் திலகவதி அந்த விதியைச் சேர்த்திருந்தாள்.

வேம்பு கேமராவை நிமிர்ந்து பார்த்து, கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.