துணைக்கு வந்தவர்

"நேரா வா. இப்ப லெஃப்ட்டு. நில்லு!"

அவள் அதட்ட அதட்ட, அவன் அவளுடைய சக்கர நாற்காலியைத் தள்ளிவந்து மேஜை முன் நிறுத்தினான். மாற்றுத்திறனாளிகளுக்கான படகுப் போட்டித் தேர்வு. விண்ணப்பம் வாங்கும் அதிகாரி அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் அவனிடம் கேட்டார்:

"அவங்களுக்கு என்ன வயசு சார்?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்கிட்ட பேசுங்க சார். கால்தான் வராது. வாய் நல்லாவே வேலை செய்யும்."

"கோவப்படாதீங்கம்மா. துணைக்கு வந்தவங்ககிட்ட கேக்கறதுதான் வழக்கம்." படிவத்தை அவனிடம் நீட்டினார். அவன் அசையாமல் நின்றான்.

"துணைக்கு வந்தது நான் சார். இவரோட கோச். துடுப்பு போடறது இவர்தான். இவருக்குக் கண்ணு தெரியாது."

அதிகாரி நாக்கைக் கடித்துக்கொண்டு, படிவத்தைச் சட்டென்று அவள் பக்கம் திருப்பினார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. இவருக்கு என்ன வயசு?"