மாமியாருக்கு வரும் அழைப்புகள்

"ராத்திரி தூக்கம் வந்துதா சார்? புரண்டு புரண்டு படுத்தீங்களா?"

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. "பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்க. எதுவானாலும் எனக்கே கூப்பிடுங்க."

மனைவி அவன் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள். "கேட்டீங்களா? காலையில இருந்து இது நாலாவது சார்."

"பழைய சிநேகிதரா இருக்கும்."

"சிநேகிதரை யாராவது சார்னு கூப்பிடுவாங்களா? இங்க வந்து தங்கின நாளா இதே கதைதான். ஏதாவது மோசடிக் கும்பல்கிட்ட மாட்டிக்கிட்டாங்களோன்னு பயமா இருக்குங்க. நீங்க கேளுங்க."

"உங்கம்மா. நீ கேளு."

"கேட்டேன். எரிஞ்சு விழறாங்க."

அவனுக்கு அன்று எதையும் கேட்க நேரமில்லை. நிறுவன வேலையை உதறிவிட்டு, இணையதளம் கட்டித் தரும் தொழிலைத் தனியாகத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. சொல்லிக்கொள்ளும்படி ஒரே ஒரு வாடிக்கையாளர். புதிதாக மூன்று கிளைகள் திறக்கப்போகும் அந்தக் கடைக்காரர், அடுத்த வருட வேலையும் அவனுக்குத்தானா என்பதைப் பத்து மணிக்குச் சொல்வதாக இருந்தார். இல்லை என்றால் பழைய மேலாளரின் அறை வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவருக்குக் கட்டிக் கொடுத்த தளத்தை மனதுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டினான். ஆறே நாளில் கட்டி முடித்தது. விவரங்கள் வந்து சேரும்வரை காலி இடங்களில் கைக்கு வந்ததைப் போட்டு வைத்து, கடைசியில் மாற்றிவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம். எதையும் மாற்றாமல் விட்டதாக அவனுக்கு நினைவில்லை. மறந்துபோனது எப்படி நினைவில் இருக்கும் என்று அவன் யோசிக்கவில்லை.

பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் சாய்த்திருந்த மெத்தைகளுக்கு நடுவில் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக எழுந்தார்.

"வாங்க தம்பி. முதல்ல கையைக் குடுங்க. ரெண்டே மாசத்துல ஆர்டர் ரெண்டு மடங்கு!"

"நன்றி சார். பக்கம் சீக்கிரமாத் திறக்கணும்னுதான் படத்தையெல்லாம் நான்..."

"படத்தை விடுங்க. அந்தக் கஸ்டமர் கேர் அம்மாவை எங்கே பிடிச்சீங்க?"

அவன் விழித்தான். வாடிக்கையாளர் சேவைக்கென்று அவன் யாரையும் அமர்த்தியதில்லை. ஆனால் வருகிற பாராட்டை வாசலிலேயே திருப்பி அனுப்பும் நாளாகவும் அது இல்லை.

"அது... நம்ம டீம்ல ஒருத்தங்க சார்."

"அருமையான ஆளு! மெத்தை வாங்கினவங்களுக்கு மறுநாள் அவங்களே போன் போட்டுத் தூக்கம் வந்துதான்னு விசாரிக்கறாங்க. எந்தக் கடையில கேட்கறாங்க சொல்லுங்க. இருங்க, நீங்களே கேளுங்க."

தளத்திலிருந்த எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். இரண்டாவது மணியிலேயே பதில் வந்தது. "சொல்லுங்க சார். அந்த ஆறடி மெத்தைக்காரருக்கு முதுகு வலி தேவலையாம்."

காலையில் கதவுக்குப் பின்னால் கேட்ட அதே குரல்.

அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள் இரண்டுதான். ஒன்று அவனுடையது. இன்னொன்று, கல்யாணத்துக்கு முன் மனைவியிடம் பேசுவதற்காக நூறு தடவை அழுத்திய அவள் அம்மாவின் செல்போன் எண். 'தொடர்புக்கு' என்ற இடத்தில் இரண்டாவதைப் போட்டுவைத்தவன் அப்படியே விட்டிருந்தான்.

கடைக்காரர் போனை வைத்தார். "உங்க ஆளைத் தூக்கிட்டேன்னு கோவிச்சுக்காதீங்க. எல்லாக் கிளைக்கும் சேர்த்து அவங்கதான் கஸ்டமர் கேர் மேனேஜர். நேத்தே ஒத்துக்கிட்டாங்க."

"எனக்கென்ன சார் கோபம்? சந்தோஷம்தான்." நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. வீட்டு ஆளே உள்ளே போய் உட்கார்ந்துவிட்ட பிறகு இனி என்ன கவலை? "அப்போ அடுத்த வருஷ வெப்சைட் வேலை...?"

கடைக்காரர் மேசையைப் பார்த்தார்.

"அதுதான் தம்பி சங்கடம். வந்த புகாரையெல்லாம் அந்தம்மா வரிசையா எழுதி அனுப்பியிருக்காங்க. பட்டனை ஒரு தடவை அமுக்கினா ரெண்டு மெத்தை புக் ஆகுதாம். எல்லாரையும் சமாதானப்படுத்தியே தொண்டை வறண்டு போச்சாம். வெப்சைட்டை முதல்ல வேற ஆள்கிட்ட குடுங்கன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. அவ்வளவு பொறுப்பானவங்க பேச்சை நான் எப்படித் தட்டறது?"

அவன் வீட்டுக்கு வந்தபோது மாமியாரின் அறைக்கதவு திறந்திருந்தது. காதில் ஹெட்போனும் கையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். அவன் வாசலிலேயே நின்றான்.

"அத்தை, அந்த வெப்சைட் நான் செஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? மூணாவது ஆள் கூப்பிட்டப்பவே திறந்து பார்த்துட்டேன். அடியில உங்க கம்பெனி பேர்தான் பெரிசா போட்டிருக்கே."

"தெரிஞ்சுமா வேற ஆள்கிட்ட குடுக்கச் சொன்னீங்க?"

மாமியார் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். அவனை ஒருமுறை பரிவோடு பார்த்தார்.

"வேலைன்னு வந்துட்டா சொந்தம் பார்க்க முடியுமா, மாப்பிள்ளை?"