சிவப்புப் பென்சில்

"வெட்டுங்க சார்! நல்லா வெட்டுங்க! உங்களால அதானே முடியும்!"

தசரதன் புரூப் தாள்களை மேஜையில் வீசினார். இராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாதாமாதம் இதே கூத்து. எமர்ஜென்சி வந்ததிலிருந்து திருவண்ணாமலையில் எந்தப் பத்திரிகையும் சென்சார் அதிகாரியான அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அச்சுக்குப் போகவேண்டும். மொத்தமே நாலு பத்திரிகை. மூன்றில் கோயில் விசேஷமும் கல்யாண வாழ்த்தும்தான். வம்பை விலைக்கு வாங்குவது தசரதனுடையது ஒன்றுதான்.

"உக்காருங்க. மோர் குடிக்கிறீங்களா?"

"மோர் யாருக்கு வேணும்? வெளிய பொன்னி உக்காந்துனு இருக்கா, பாத்தீங்களா?"

பார்க்காமலா? பங்குனி வெயிலில், சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். போன ஆடியில் அவள் புருஷன் கருப்பனை, கூலி ஜாஸ்தி கேட்டுக் கூட்டம் சேர்த்தான் என்று போலீஸ்காரர்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆள் திரும்பவில்லை. 'அப்படி ஒருத்தனை நாங்க பாத்ததே இல்லை' என்று கைவிரித்துவிட்டார்கள். தசரதன் அதை ஒவ்வொரு மாதமும் எழுதுவார். ஜீப் நம்பர், தேதி, ஏற்றியவன் பெயர், எல்லாம் இருக்கும். இராமலிங்கத்தின் சிவப்புப் பென்சில் ஒவ்வொரு மாதமும் அதை அடிக்கும். அப்புறம் பொன்னி அவரை ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள், அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது.

"எட்டு மாசமா எழுதறேன் சார்! எழுதறவனே பயந்தா இந்த ஜனங்களுக்கு யாரு இருக்கா?"

"நல்லாதான் எழுதறீங்க," என்றார் இராமலிங்கம் அலுப்போடு. பொய்யில்லை. அடிப்பதற்கு முன் எப்போதும் இரண்டு தரம் படிப்பார்.

இன்றும் படித்தார். படித்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

தசரதன் புரட்டிப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை.

"இன்னா சார், வெட்டலையா?"

"இனிமே எனக்கு அந்த வேலை இல்லீங்க. எமர்ஜென்சியே போயிடுச்சே, ரேடியோ கேக்கலையா?"

"கேட்டேன்..." தசரதனின் குரல் இறங்கியது. "ஆனா, அந்த ஜீப்காரங்க இன்னும் இதே ஊர்லதானே சார் இருக்காங்க?"

"இருக்கட்டுமே. தைரியமா போடுங்க. அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே போய் நல்ல சேதி சொல்லுங்க."

எட்டு மாதத்தில் முதல் தடவையாக இராமலிங்கத்துக்கு நெஞ்சு லேசானது. அப்பாடா, இன்றைக்காவது நிம்மதியாகச் சாப்பிடலாம்.

தசரதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பென்சிலைக் கொஞ்சம் குடுங்க."

ஏதோ எழுத்துப்பிழை போலிருக்கிறது என்று நினைத்து இராமலிங்கம் கொடுத்தார். தசரதன் தாளைச் சுவரோரம் கொண்டுபோய் வைத்துத் திருத்தினார். பென்சிலைத் திருப்பித் தந்துவிட்டு வெளியே போனார்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பொன்னி எழுந்து ஓடி வந்தாள்.

"சார், இந்த மாசமாவது எங்க வூட்டுக்காரர் பேரு வருதா?"

தசரதன் தாளை அவளிடம் நீட்டினார். கருப்பனைப் பற்றிய பத்தி முழுக்கச் சிவப்புக் கோடு.

"நான் எழுதிட்டேம்மா," என்றார். "அந்தப் பாவிதான் மறுபடியும் வெட்டிட்டான்."