மூன்று விரற்கடை

தான் ஒரே மாதத்தில் மூன்று விரற்கடை சுருங்கிவிட்ட விஷயம், காதர் மைதீனின் சைக்கிள் கடையில்தான் கண்ணுசாமிக்கு உறுதியானது.

சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தார். குதிகால் பெடலைத் தொடவில்லை. பெருவிரல் நுனிதான் தடவியது.

"போன மாசம் நீங்கதானே பாய் அளவு பாத்து வச்சீங்க? குதிகால் பூ மாதிரி உக்காந்துச்சு. இப்பப் பாருங்க."

காதர் சீட்டுக்கடியில் இருந்த லீவரைத் தட்டிப் பார்த்தார். "டைட்டாத்தாண்ணே இருக்கு."

"லூசாகி, சீட்டு தானா ஏறியிருக்குமோ?"

"லூசானா எறங்கும்ணே, ஏறாது. எங்க வாப்பா காலத்துலேருந்து கடை இருக்கு. சீட்டு வளந்து நான் பாத்ததே இல்ல."

சீட்டு வளரவில்லை என்றால் மிச்சமிருப்பது இவர்தான். கண்ணுசாமி வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

எல்லாம் அந்த அரையடி வரப்பால் வந்தது. பங்காளி சிங்காரவேலு ஒவ்வொரு நடவுக்கும் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கித் தன் வயலில் சேர்த்துக்கொண்டிருந்தார். அதைத் தட்டிக் கேட்கப் போன இடத்தில் சேறு வழுக்கி, கண்ணுசாமி மல்லாக்க வாய்க்காலில் விழுந்தார். முதுகெலும்புக்கு நடுவில் ஜவ்வு நசுங்கியிருக்கிறது, இனிமேல் குனிந்து சைக்கிள் ஓட்டக்கூடாது என்று வலங்கைமான் டாக்டர் சொல்லிவிட்டார்.

குனிந்துதானே ஓட்டக்கூடாது? மகன் சிங்கப்பூர் போகும்போது விட்டுப்போன கியர் சைக்கிளைக் காதரிடம் கொடுத்தார். நேர் ஹேண்டிலைக் கழற்றி நெஞ்சுயரத்துக்கு வளைந்த ஹேண்டில் வந்தது. ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டு வந்தது. உயரத்தைச் சரிசெய்ய ஸ்பேனரே வேண்டாம், லீவரைத் தட்டினால் போதும். காலைத் தூக்கிப் போட முடியாது என்பதால் நடுக்கம்பியையும் வெட்டி, தாழ்வாகச் சாய்த்து வெல்டிங் வைத்தார் காதர்.

"பொம்பள சைக்கிள்ல போறான் பாரு. முதுகொடிஞ்சவன் வரப்புக்கு எங்க வந்து நிக்கப்போறான்?" என்று சிங்காரவேலு டீக்கடையில் சொன்னது அன்றே காதுக்கு வந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளக்கிறார். அந்தச் சைக்கிளிலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரப்படியில் போய் இறங்குவதாகக் கண்ணுசாமி சபதம் போட்டிருந்தார். தினமும் விடிகாலையில் ஓட்டிப் பழகியதும் அதற்காகத்தான். இப்போது பார்த்தால் வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் எவ்வளவு மிஞ்சுவோம் என்பதே தெரியவில்லை.

வீட்டில் அமிர்தம் முறத்தில் அரிசியோடு உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார்.

"முதுகு சுருங்குனா முதுகுதானே குட்டையாவும்? காலு ஏன் எட்டாம போவுது?" என்றவள், ஏனோ சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு இல்லாத கல்லைத் தேடினாள்.

"நீதான் பெரிய எலும்பு டாக்டரு! எந்திரிச்சு இப்படி வந்து நில்லு."

அவருக்கு அளவுகோல் அமிர்தம்தான். கல்யாணமான நாளிலிருந்து முப்பது வருஷமாக அவள் தலை அவர் காதுமடலோடு நிற்கும். அடுப்பு, மாடு, வாசல் என்று குனிந்தே இறுகிப்போன உடம்பு. அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சுவர்க் கண்ணாடியைப் பார்த்தார்.

அவள் தலை அவர் புருவத்தில் இருந்தது.

சர்வேயர் முன்னால் கண்ணுசாமியின் தலையைச் சிங்காரவேலு தடவிக் கொடுப்பது போலவும், "யாரு வூட்டுப் புள்ளடா நீ?" என்று கேட்பது போலவும் தோன்றியது.

"காதுலேருந்து புருவத்துக்கு வந்துட்டே அமிர்தம்! இப்படியே போனா பொங்கலுக்கு என்னை இடுப்புலதான் தூக்கி வச்சுக்கணும். வேணாம். எல்லாம் அந்தச் சைக்கிள் ஆட்டி ஆட்டி வந்த வினை. சாயங்காலமே பாய்கிட்ட வித்துடறேன். வெள்ளிக்கிழமையும் நான் போவல. வரப்ப அவனே வெட்டித் தின்னட்டும்."

"விக்காதீங்க."

அந்தக் குரலில் இருந்த அவசரம் அவருக்குப் புதிது.

"ஏன்?"

அமிர்தம் புடவைத் தலைப்பைத் திருகினாள். "மத்தியானம் நீங்க மாத்திரை போட்டுத் தூங்கறப்ப நான்தான் எடுத்துட்டுப் போறேன். ஆத்தங்கரை வரைக்கும்."

"நீயா? கவருமெண்டு டி.வி.யில சீரியல் பாக்கறேன்னுல்ல நெனைச்சேன்!"

"சத்தம் கேக்கட்டும்னு ஓடவிட்டுட்டுப் போவேன். வந்ததும் சீட்டப் பழையபடி எறக்கித்தாங்க வைக்கிறேன். கண்ணளவுல கொஞ்சம் தப்பிப்போயிடுது."

"எறக்கி வைக்கிறியா? காதளவு இருக்கிற நீ அதை எதுக்குடி ஏத்துனே?"

"பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கம்மா காதக் கடிச்சாங்க, குனிஞ்சே நில்லுடி, மாப்பிள்ளை மனசு கஷ்டப்படும்னு. அப்படியே பழகிடுச்சு. ஆனா அந்த ஹேண்டிலப் புடிச்சா குனிய வரமாட்டேங்குது."

சொல்லிக்கொண்டே அவள் முதலில் கழுத்தை உயர்த்தினாள். பிறகு தோள். பிறகு முதுகு. மனைவியின் முகத்தைப் பார்க்கக் கண்ணுசாமி அண்ணாந்தார்.

"நீங்க சுருங்கலைங்க. நான்தான் நிமிந்துட்டேன்."