நான்காவது தட்டு

தேயிலைத் தட்டுகளின் முன் வந்து நின்றாள் லீலா.

சுற்றுலா வந்தவர்கள் அரைவட்டமாகக் கூடினார்கள். தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. கணவனின் காரியம் முடிந்து இன்றுதான் திரும்பியிருந்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இரு லீலா," என்று காலையில் சூப்பர்வைசர் சொன்னார்.

வீட்டில் இருக்க முடியவில்லை.

உலர்த்தும் அறையைத் தாண்டித்தான் இங்கே வர வேண்டும். கணவன் வேலை செய்த இடத்தில் வேறொருவர் நின்றார். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நகர்ந்தாள். குரல் பிசகவில்லை.

இனி தட்டுகள்.

"இது முழு இலைங்க. நிறம் மெதுவா இறங்கும், வாசம் நல்லா வரும். பால் ஊத்தாம குடிக்கணும். வெலையும் இதுக்குத்தான் ஜாஸ்தி."

அடுத்தது உடைந்த இலை. அதற்கடுத்தது இன்னும் சிறிய துகள். டீ பேக்கில் அடைப்பது.

"எல்லாம் ஒரே செடி, ஒரே இலைதாங்க. சல்லடைதான் பிரிக்குது."

நான்காவது தட்டில் கை வைத்தாள். தூள் விரல்களில் ஒட்டியது.

"இது டஸ்ட். பேரைக் கேட்டுட்டுக் குப்பைன்னு நினைச்சுக்காதீங்க. போட்டதும் நிறம் இறங்கிரும். எவ்வளவு பால் ஊத்தினாலும் தாங்கும்."

இந்த இடத்தில் ஒரு வரி வரும். அவளே சேர்த்துக்கொண்டது. எல்லோரும் சிரிப்பார்கள். உலர்த்தும் அறை வாசலில் அவனும் தலையை நீட்டிச் சிரிப்பான்.

அந்த வரியை விட்டுவிடுவதென்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தாள்.

"உங்க வீட்ல எதுங்க குடிப்பீங்க?" குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் கேட்டாள்.

லீலா தட்டையே பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு டஸ்ட்தாங்க. முழு இலையில போட்டுக் குடுத்தா, என்னடி சுடுதண்ணிய நீட்டுறேன்னு கேப்பாரு."

சிரித்தார்கள்.

அவள் வாசல் பக்கம் திரும்பவில்லை.

சுற்றிக் காட்டி முடித்து லீலா விற்பனை மேசையில் நின்றபோது அந்தப் பெண் மறுபடி வந்தாள். "உங்க வீட்டுக்காரர் குடிக்கிறதையே குடுங்க. எங்க வீட்லயும் அப்படித்தான் ஒருத்தர்."

எடுத்துக் கொடுத்தாள்.

"எப்படிங்க போடணும்?"

சொன்னாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். தூளைப் போட்டு ஒரு கொதி. பிறகு பால். சர்க்கரை தூக்கலாக. இஞ்சி வேண்டாம், அவருக்குப் பிடிக்காது.

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் நிறுத்தவில்லை. டம்ளரைச் சுடுதண்ணீரில் அலசி வைத்துக்கொள்ளச் சொன்னாள். நுரை வர ஆற்றக் கூடாது என்றாள்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள். படியிறங்கப் போனவளை லீலா கூப்பிட்டாள்.

"போட்ட உடனே குடுத்துருங்க. ஆறிப்போனா தொட மாட்டாரு."