சண்டை முடியும்வரை மூச்சு

பொய் சொல்லாத திமிரில் ராக்கியப்பன் தன் காற்றைத் தானே குறைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் நூல் மில்லில் பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு அவருக்கு. ஆஸ்பத்திரிக்காரர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போன மூச்சுப்பெட்டி வெள்ளிக்கிழமைதோறும் கேள்வி கேட்கும். பதிலைப் பார்த்துத்தான் அந்த வாரத்துக் காற்றை அளந்து விடும்.

“மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?”

“இல்ல.” வீட்டில் மாடியே கிடையாது.

“புல்வெளியில் உலாவினால்?”

“இல்ல.” ஊரில் புல்லே கிடையாது.

ஆள் தேறிவிட்டார் என்று பெட்டி காற்றைக் குறைத்தது.

“ஏனுங்க, ஆமான்னு சொல்லித் தொலைங்களேன்,” என்றாள் மனைவி பாவாத்தாள்.

“ஏறாத படிய ஏறுனேன்னு சொல்லச் சொல்றயா? அப்புறம் எம்பேச்ச எவன் நம்புவான்!”

பாவாத்தாள் ஆஸ்பத்திரியில் புகார் கொடுத்ததில், பெட்டியின் வெளிநாட்டுக் கேள்விகளைத் தமிழாக்கும் பெண் நேரிலேயே வந்தாள். “ஐயாவுக்கு எதுலதான் மூச்சு வாங்கும்?”

“இவகூடச் சண்டை போட்டா. பாதியிலயே முட்டிக்கும். மூணு வருசமா இவதான் ஜெயிக்கறா.”

அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டு போனாள்.

அடுத்த வெள்ளி பெட்டி கேட்டது: “வீட்டுச் சண்டையை முடிக்கும்வரை உங்களுக்கு மூச்சு தாங்குகிறதா?”

“இல்லவே இல்ல!”

காற்று தாராளமாக வந்தது. ரசத்து உப்பில் தொடங்கி சம்பந்தி வீட்டு விருந்து வரைக்கும், அந்த வாரத்துச் சண்டையெல்லாம் அவரே முடித்தார். பாவாத்தாள் தோற்றுத் தோற்றுப் பூரித்தாள்.

மறு வெள்ளியும் அதே கேள்வி. உண்மையைச் சொன்னால் காற்று போய்விடும். ராக்கியப்பன் வாயைத் திறந்தார்.

“எங்கீங்க தாங்குது, பாதியிலயே நிறுத்திக்கறாருங்க,” என்று பெட்டியிடம் பாவாத்தாள் முந்திக்கொண்டாள்.

“ஏ, இவளே...” என்று ஆரம்பித்தார். மறுத்துப் பேச மூச்சு நிறையவே இருந்தது. ஆனாலும் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார். அவள் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிட்டதல்லவா!