ஓரத்தில் இருந்த எழுத்து

“இன்னா புஸ்தகம் இது? யாரு குடுத்தா உனக்கு?”

ஜும்மா தொழுதுவிட்டுச் சாப்பிட வந்த கலீலுல்லா, மகளின் தலையணைக்கு அடியில் கிடந்த புத்தகத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். வண்ணாரப்பேட்டையில் நைட்டி மொத்த வியாபாரம் அவருக்கு. பேப்பரைத் தவிர வேறெதையும் படித்துப் பல வருஷமாகிறது.

“லைப்ரரி புக்கு அத்தா. ஜப்பான் நாவல், தமிழ்ல வந்துகீது” என்றாள் நவ்ரீன். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

“கதை இன்னா?”

“ஒரு ஆளு. வூடு நெறைய ஜனம். நாம பேசலைன்னா யாராவது ஏன்னு கேப்பாங்களான்னு பாக்க, ஒருநாள் பேச்சை நிறுத்திடறான். யாருமே கேக்கல. அவன் நாளை எண்ணிகினே கீறான்.”

“அப்பால?”

“கடைசில தன்னோட ரூம் கதவை உள்ளேருந்து ஆணி அடிச்சு மூடிக்கறான். அப்பவும் வெளியே எல்லாரும் டிவி பாத்துகினு கீறாங்க.”

கலீலுல்லா புத்தகத்தைத் திறந்தார்.

முதல் பக்கத்தில் ஏற்கெனவே படித்தவர்கள் ஆளாளுக்குக் கிறுக்கியிருந்தார்கள்.

‘லூசுப் பய கதை. டைம் வேஸ்ட்.’

‘ரெண்டு நாள் சோறு எறங்கல. – சாவியோ, ராயபுரம்.’

‘வூட்ல தனியா இருக்கறவங்க தயவுசெஞ்சு படிக்காதீங்க.’

உள்ளே புரட்டினார். ஓரங்களில் பொடிப்பொடியாக வேறொரு பென்சில் எழுத்து.

‘இன்றும் யாரும் என்னைக் கேட்கவில்லை’ என்று அச்சாகியிருந்த வரிக்குப் பக்கத்தில், ‘என்னையும்.’

இருபது பக்கம் தள்ளி, ‘எனக்குப் பன்னிரண்டு நாள்.’

அப்புறம், ‘இருபத்தாறு.’

அந்த ஆள் ஆணி அடிக்கிற பக்கத்தில், ‘நாற்பத்தொன்று. இவனுக்காவது தனி ரூம் இருந்தது.’

“யா அல்லாஹ்! யாரு எழுதினது இத?”

ரஹீமுன்னிசா சாப்பாட்டுத் தட்டோடு அறை வாசலில் நின்றிருந்தாள். நவ்ரீன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான்தான்.”

கன்னத்தில் அறை விழுந்தது.

“இந்த வூட்ல உனக்கு இன்னா கொறை? காலைலேருந்து வாய் ஓயாம பேசற. உன்னை யாரு கேக்கல, சொல்லு?”

அப்படியே மனைவி பக்கம் திரும்பினார். “நீ இன்னா மரம் மாரி நிக்கற? பொண்ணு இன்னாத்த படிக்குதுன்னு கண்டுக்க மாட்டியா?”

ரஹீமுன்னிசா தட்டை மேஜையில் வைத்தாள். சோற்றின்மேல் தால்சாவை ஊற்றினாள். உள்ளே போய்விட்டாள்.

கலீலுல்லா சாப்பிடவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்துவந்து, மகளுடைய அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். இரண்டு தரம் ஸ்க்ரூ கீழே விழுந்தது. சீலிங் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“ஒரே பொண்ணுடி நீ எனக்கு. உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் உயிரோட இருப்பேனா?”

ஒரு பேப்பரையும் பேனாவையும் எடுத்து மகள் முன்னால் வைத்தார்.

“உக்காரு. லைப்ரரிக்கு மன்னிப்பு லெட்டர் எழுது. இனிமே இந்த மாரி புஸ்தகத்தத் தொட மாட்டேன்னு எனக்கும் சேத்து எழுது.”

எழுதினாள். கையெழுத்துப் போடுவதற்காக வாங்கியவர், அதைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

மகளின் எழுத்து பெரிது பெரிதாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. புத்தகத்தில் இருந்தது கடுகு கடுகாக, நிமிர்ந்த எழுத்து.

“இது உன் எழுத்தே இல்லியே! யாருக்கோசரம் அடி வாங்கின? எவன் அவன்?”

நவ்ரீன் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தாள். குரல் தாழ்ந்தது.

“அது அம்மா எழுத்து அத்தா. உங்களுக்குத் தெரியாதா?”

கலீலுல்லா நம்பாமல் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“அவளா? நல்லாத்தானே கீறா? சமைக்கறா, துணி மடிக்கறா... இவ்ளோ மனசுல வெச்சிகினு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!”

“சொல்லல அத்தா. அம்மா உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசியே ஒன்றரை மாசம் ஆவுது.”